தோள்பட்டை ஜவ்வு கிழிந்திருக்கிறது, வயது 68. ஆபரேஷன் இல்லாமல் தேறியவர்கள் இருக்கிறீர்களா?

அரைக்கைச்சட்டை எழுதியது:

வணக்கம். இத்தனை நாள் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று என் முறை.

வலது தோள். விழவில்லை, எதிலும் மோதவில்லை. ஒரு வருடமாகவே சட்டைக் கையில் கையை நுழைக்கும்போது சுருக்கென்று வரும், போகும். வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டேன். மூன்று மாதம் முன்பு ஒரு பெட்டியைப் பரண்மேல் வைத்தேன். பெரிய கனம் இல்லை, அன்றைக்கு ஒன்றும் தெரியவும் இல்லை. அடுத்த சில வாரங்களில் வலி மெல்ல மெல்ல ஏறியது. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதி வழியில் ஓர் இடத்தில் பிடித்து இழுக்கிறது; அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் மேலே போய்விடுகிறது. பகலை எப்படியோ ஓட்டிவிடுகிறேன். ராத்திரிதான் முடியவில்லை. அந்தப் பக்கம் புரண்டால் எழுந்து உட்கார வேண்டியதுதான்.

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசைநாணில் 'முழுத் தடிமன் கிழிசல், 18 மி.மீ.' என்று அறிக்கை. முதல் டாக்டர், "இப்போதே தைத்துவிடலாம், விட்டால் பெரிதாகும்" என்றார். இரண்டாவது டாக்டர், "மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்" என்றார். இருவரும் அனுபவம் உள்ளவர்கள், இருவரும் பொறுமையாகத்தான் பேசினார்கள். சிக்கலே அதுதான், யாரோ ஒருவர் ஏனோதானோ என்று பேசியிருந்தால் முடிவு எடுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

சர்க்கரை 11 வருடமாக இருக்கிறது, மாத்திரையில் கட்டுக்குள். வேறு தொல்லை இல்லை. ஆபரேஷன் இல்லாமல் தேறியவர்கள், தேறாதவர்கள், இருவருமே எழுதுங்கள்.

மாடிப்படி எழுதியது:

எனக்கு 72. இடது தோள், அதே தசைநாண், 15 மி.மீ. நாலரை வருடம் ஆகிறது, ஆபரேஷன் செய்யவில்லை. இன்றைக்குத் தலை வாருகிறேன், துணி உலர்த்துகிறேன், பேரனைத் தூக்குகிறேன் (அவன் வளர்ந்துவிட்டான், இனி அவன்தான் என்னைத் தூக்க வேண்டும்). கையை நீட்டி எட்டத்தில் இருக்கும் கனமான சாமானை எடுப்பது மட்டும் இன்னும் ஆகாது. உடம்போடு ஒட்டி வைத்துத்தான் தூக்குவேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், முதல் ஆறு வாரம் எனக்குத் துளி முன்னேற்றமும் இல்லை. அந்த ஆறு வாரத்தில்தான் முக்கால்வாசிப் பேர் பயிற்சியை விடுகிறார்கள் என்று என் பிசியோ சொன்னார். நானும் விடத்தான் பார்த்தேன்.

நூல்பிடி எழுதியது:

பிசியோதெரபிஸ்டாக 30 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்களை நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோரும் குழம்பும் சில விஷயங்களைத் தெளிவாக்கலாம்.

முதலில் அந்த வார்த்தை. 'முழுத் தடிமன் கிழிசல்' என்று படித்ததும் கயிறு அறுந்து இரண்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. துணியில் விழுந்த ஓட்டை மாதிரி. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓட்டை போயிருக்கிறது என்பதுதான் பொருள். ஓட்டையைச் சுற்றி மீதித் துணி எலும்பில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதேபோல ஊரெல்லாம் 'ஜவ்வு' என்று சொன்னாலும் இது தசையை எலும்போடு கட்டும் தசைநாண். முழங்காலில் கிழியும் ஜவ்வும் இதுவும் ஒன்றல்ல.

இனி தோள் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். மேற்கை எலும்பின் தலை உருண்டை. அது உட்காரும் குழியோ ஆழமே இல்லாத சின்னத் தட்டு. அந்த உருண்டை நழுவாமல் நடுவில் பிடித்து வைப்பது நான்கு தசைகள். மேலே சுப்ராஸ்பைனேட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரஸ் மைனரும், முன்னால் சப்ஸ்கேப்புலாரிஸ். நான்கும் சேர்ந்ததுதான் ரொட்டேட்டர் கஃப். வெளியே தெரியும் பெரிய தசை டெல்டாய்டு. கையைத் தூக்கும் பலத்தில் பெரும்பங்கு அதனுடையது. ஆனால் அது தனியாக இழுத்தால் உருண்டையை மேல்நோக்கித் தள்ளிவிடும், மேலே இருக்கும் எலும்புக் கூரையில் போய் முட்டும். கஃப் தசைகள் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் கை ஒழுங்காக எழுகிறது.

ஒரு கம்பத்தை நான்கு கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறோம், அதில் ஒன்று பாதி நைந்துவிட்டது. முன் கயிறும் பின் கயிறும் உறுதியாக இருந்தால் கம்பம் நிற்கும். பயிற்சியின் வேலை அந்த மற்றக் கயிறுகளை முறுக்கேற்றுவதுதான். கிழிந்த இடத்தை ஒட்டவைப்பது அதன் வேலை இல்லை, அப்படி யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

உங்களிடம் சில கேள்விகள். கை முழுதாக மேலே போகிறதா? இன்னொருவர் தூக்கிவிட்டால் போகிறதா? முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் தள்ள பலம் இருக்கிறதா? கழுத்தைத் திருப்பினால் வலி கைக்குள் இறங்குகிறதா? விரல் மரத்துப்போகிறதா?

அரைக்கைச்சட்டை எழுதியது:

நூல்பிடி சார், நன்றி. அந்த ஓட்டை விளக்கம் ஒன்றுக்கே உங்களுக்குக் கடன்பட்டேன். மூன்று வாரமாக அறுந்த கயிறுதான் கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

கை முழுதாக மேலே போகிறது, வலியோடு. யாராவது தூக்கிவிட்டால் வலி குறைவு. வெளிப்பக்கம் தள்ளும் பலம் இடது கையைவிடக் குறைவு, ஆனால் இருக்கிறது. கழுத்துக்கும் விரலுக்கும் ஒன்றும் இல்லை.

தையல்காரன் எழுதியது:

மாற்றுக் கருத்து சொல்ல ஒருவன் வேண்டுமே, நான் சொல்கிறேன். 61 வயதில் ஈரத் தரையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். விழுந்த நிமிடத்திலிருந்து கை எழவில்லை. ஐந்தாவது வாரத்தில் தைத்தார்கள். ஆறு வாரம் கழுத்தில் மாட்டிய தூளியில் கை, அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. ஒரு வருடம் ஆயிற்று முழுதாக மறக்க. இன்று பந்து எறிகிறேன். ஆபரேஷன் என்றாலே பூச்சாண்டி காட்டுவது எனக்குப் பிடிக்காது. நான் காத்திருந்தால் இந்தக் கை இருந்திருக்காது.

நூல்பிடி எழுதியது:

தையல்காரன் சொல்வது அவர் கதைக்கு நூற்றுக்கு நூறு சரி. இந்த இழையைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இந்த இடத்தில் நிற்க வேண்டும். விழுந்தோ, அடிபட்டோ, தோள் நழுவியோ, அந்த நிமிடத்திலிருந்து கையைத் தூக்க முடியவில்லை என்றால் அது வேறு விஷயம். "பயிற்சி செய்து பார்க்கலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளக் கூடாது. திடீரென்று அறுந்த தசைநாண் நாளாக நாளாக உள்ளே சுருங்கிப் போகும், தசைக்குள் கொழுப்பு படியும். அந்தக் கொழுப்பு பெரும்பாலும் திரும்பிக் கரைவதில்லை. அப்புறம் தைக்க நினைத்தாலும் நுனி எட்டாது. 40 வயதுக்கு மேல் தோள் நழுவியவர்களும் இந்தக் கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

வருடக்கணக்கில் தேய்ந்து மெல்லக் கிழிந்தது, அதாவது அரைக்கைச்சட்டை சார் சொல்வது, அதற்குத்தான் காத்திருந்து பார்க்க இடம் இருக்கிறது.

பூஜ்யம்புள்ளி எழுதியது:

நான் டாக்டர் இல்லை, புள்ளியியல் பாடம் நடத்தியவன். எனக்கும் இதே பிரச்சினை வந்தபோது ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். சில எண்கள்.

ஜப்பானில் ஒரு கிராமத்து மக்கள் 664 பேரின் தோள்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள், 2013-ல் வெளிவந்தது. 147 பேருக்கு முழுத் தடிமன் கிழிசல். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை! 50களில் இருப்பவர்களில் பத்தில் ஒருவருக்கு, 80களில் மூன்றில் ஒருவருக்கும் மேல். ஆக, ஸ்கேனில் கிழிசல் தெரிகிறது என்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, அடிபடாமல் கிழிந்த 452 பேருக்கு முதலில் பயிற்சி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்தும் நான்கில் ஒருவருக்கும் குறைவானவர்களே ஆபரேஷனுக்குப் போனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் முதல் 12 வாரத்துக்குள்ளேயே முடிவெடுத்தவர்கள். இதில் எனக்கு ஆச்சரியம், யார் ஆபரேஷனுக்குப் போவார் என்பதைக் கிழிசலின் அளவைவிட "பயிற்சியால் எனக்குக் குணமாகும்" என்ற நம்பிக்கை இருந்ததா இல்லையா என்பதே அதிகம் காட்டியது.

ஃபின்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்டவர்கள், 180 தோள்கள், மூன்று குழு. பயிற்சி மட்டும் ஒன்று, பயிற்சியோடு மேல் எலும்பைச் சீவிவிடுவது ஒன்று, இரண்டோடும் தையலும் சேர்த்து ஒன்று. ஒரு வருட முடிவில் மூன்றுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2014-ல் வந்தது.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் என் மாணவர்களே சிரிப்பார்கள். நார்வேயில் 103 பேரை வைத்து நடந்த ஆய்வு இருக்கிறது. அங்கே தையல் போட்டவர்கள் கொஞ்சம் முன்னே இருந்தார்கள், பத்து வருடக் கணக்கில் அந்த இடைவெளி கூடியது. பயிற்சிக் குழுவில் சிலருக்குக் கிழிசல் பெரிதாகி, வலியும் திரும்பியது. முதல் டாக்டர் "விட்டால் பெரிதாகும்" என்றது வெறும் பயமுறுத்தல் இல்லை. அதே சமயம் இங்கிலாந்து ஆய்வு ஒன்றில் 50 தாண்டியவர்களுக்குத் தைத்த தசைநாண்களில் சுமார் 40 சதவீதம் ஆறவில்லை அல்லது மறுபடி கிழிந்தது. அவர்களுக்கும்கூட வலி முன்பைவிடக் குறைந்தே இருந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் வியப்புதான்.

சந்தேகராமன் எழுதியது:

கிழிந்த துணி தானாகத் தைத்துக்கொள்ளுமா சார்? கிழிந்ததோடு பயிற்சி செய்தால் இன்னும் கிழியாதா?

மாடிப்படி எழுதியது:

தைத்துக்கொள்ளாது தம்பி. அதைத்தான் நூல்பிடி சார் இவ்வளவு நேரம் சொன்னார்.

நூல்பிடி எழுதியது:

இரண்டாவது கேள்வி நியாயமானது. கனத்தை வெடுக்கென்று தலைக்கு மேல் தூக்கினால் கிழிசல் கூடலாம். அளவோடு, மெதுவாக, வலி பார்த்துச் செய்கிற பயிற்சி வேறு. கையைத் தூளியில் போட்டுப் பத்திரப்படுத்தினால்தான் ஆபத்து. வயதான தோள் சில வாரத்திலேயே இறுகத் தொடங்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கிழிசல் போதாதென்று தோள் இறுக்கமும் சேர்ந்துகொண்டால் பழைய நிலைக்கு வர ஒரு வருடம் கூட ஆகலாம்.

நான் பொதுவாக எந்த வரிசையில் போவேன் என்று சொல்கிறேன். உங்கள் பிசியோ வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

முதல் சில வாரம் பலம் பற்றிப் பேச்சே இல்லை, அசைவு மட்டும். மேசை முன் உட்கார்ந்து இரண்டு கையையும் ஒரு துணிமேல் வைத்து, உடம்பைக் குனிந்து கையை முன்னால் வழுக்கவிடுவது. மல்லாந்து படுத்து, நல்ல கையால் ஒரு குச்சியைப் பிடித்துக் கெட்ட கையையும் சேர்த்து மேலே கொண்டுபோவது. குனிந்து நின்று கையை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டு ஆட்டுவது. இந்தக் கடைசிப் பயிற்சி பாஸ்டன் அறுவை மருத்துவர் காட்மன் பெயரில் வழங்குவது. வேடிக்கை என்னவென்றால் 1909-லேயே இந்தத் தசைநாணைத் தைத்துப் பார்த்தவரும் அவர்தான்.

கூடவே, முழங்கையை மடக்கிச் சுவரை உள்ளங்கையாலும் புறங்கையாலும் மெதுவாக அழுத்துவது, ஐந்து பத்து நொடி. கை நகரக் கூடாது. முழுப் பலம் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும். பலருக்கு இதிலேயே வலி தணியும்.

அப்புறம் ரப்பர் பட்டை. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது. பட்டையை இரண்டு கையாலும் பின்னோக்கி இழுத்து முதுகுப்பக்கத் தோள் எலும்புகளை நெருக்குவது. வாரம் மூன்று நாள், 10 முதல் 15 தடவை, மூன்று சுற்று. இது பலம் ஏற்றும் வேலை, தினமும் செய்ய வேண்டியதில்லை. கடைசியாகத்தான் அரைக் கிலோ கனத்தோடு தலைக்கு மேல்.

வலி இருக்கலாமா என்று கேட்பார்கள். தாங்கவே முடியாத வலிக்குப் பத்து மதிப்பெண் என்றால், செய்யும்போது நான்கு வரை வலிக்கலாம். மறுநாள் காலை வழக்கமான அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பயிற்சி தப்பில்லை, அளவு அதிகம். குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

கடுங்காப்புவேண்டாம் எழுதியது:

ராத்திரித் தூக்கம் பற்றி யாரும் எழுதவில்லையே. எனக்கு உதவியது: நல்ல பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலிக்கும் கை முன்னால் சரிந்து விழாதபடி மார்புக்கு முன்னே ஒரு கனமான தலையணை வைத்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொள்வது. மல்லாந்து படுத்தால் முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு, அப்போது தோள் பின்பக்கம் தொங்காது. முதல் மாதம் சாய்வு நாற்காலியில் அரைகுறையாக உட்கார்ந்தே தூங்கினேன். மானம் போனாலும் தூக்கம் வந்தது.

அரைக்கைச்சட்டை எழுதியது:

ஊசி பற்றியும் சொல்லுங்கள். இரண்டாவது டாக்டர் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போடலாம் என்றார், நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நூல்பிடி எழுதியது:

தூக்கமே இல்லை, வலியால் பயிற்சியே செய்ய முடியவில்லை என்றால் ஒரு ஊசி கதவைத் திறந்துவிடும். அந்தத் திறப்பில் நுழைந்து பயிற்சி செய்தால் லாபம். வலி போயிற்று என்று உட்கார்ந்துவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் பழைய கதை. இங்கிலாந்தில் 708 பேரை வைத்து 2021-ல் வெளிவந்த ஆய்வில் ஊசியின் பலன் எட்டாவது வாரத்தில் தெரிந்தது, வருடக் கடைசியில் தெரியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டால் தசைநாண் நலியும். ஆபரேஷன் யோசனை இருந்தால் அறுவை மருத்துவரிடம் ஊசி போட்ட தேதியைச் சொல்லியே ஆக வேண்டும். அண்மையில் போட்டிருந்தால் தொற்று அபாயம் கூடும். உங்களுக்குச் சர்க்கரை வேறு. ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை எகிறும், வீட்டில் பார்த்துக்கொண்டே இருங்கள்.

அதே ஆய்வில் இன்னொரு சேதியும் உண்டு. பிசியோவிடம் ஆறு முறை வரை போனவர்களும், ஒரே ஒரு முறை போய் நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டிலேயே செய்தவர்களும் ஒரு வருடத்தில் ஒரே நிலைக்கு வந்தார்கள். எங்கள் பிழைப்புக்கு நல்ல சேதி இல்லை, உங்களுக்கு நல்ல சேதி.

வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 65-க்கு மேல் சிறுநீரகம், வயிறு, ரத்த அழுத்தம் மூன்றும் அதில் அடிபடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அரைக்கைச்சட்டை எழுதியது (4 வாரம் கழித்து):

ஊசி போடவில்லை. பயிற்சி தொடங்கி 25 நாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், போன வாரம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதல் டாக்டரிடம் தேதி வாங்கப் போனேன். வாசல் வரை போய்விட்டேன்.

நடந்தது இதுதான். சுவர் அழுத்தும் பயிற்சியில் வலி குறைந்ததும் உற்சாகத்தில் நானாகவே பட்டையை வாங்கி, ஒரே நாளில் 60 தடவை இழுத்தேன். அன்று ராத்திரி நரகம். மூன்று நாள் கை எழவில்லை. மேலும் கிழிந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மாடிப்படி எழுதியது:

அறுபதா? எனக்கு முதல் நாள் ஆறு சொன்னார்கள்.

நூல்பிடி எழுதியது:

மூன்று நாளில் மறுபடி எழுந்ததா? எழுந்தது என்றால் பெரும்பாலும் புதுக் கிழிசல் இல்லை, தசைநாண் கோபித்துக்கொண்டது. சில நாள் சுவர்ப் பயிற்சிக்கே திரும்புங்கள், பிறகு பட்டை எட்டு தடவை. ஆனால் ஒரு வாரம் பத்து நாள் ஆகியும் பலம் திரும்பவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னும் சிலவும் தோள்வலி வேஷத்தில் வரும். 50 தாண்டியவர்களுக்குக் காலையில் இரண்டு தோளும் ஒன்றாக இறுகி, எழுந்திருக்கவே முடியாமல் போனால் அது கிழிசல் இல்லை, ரத்தப் பரிசோதனை வேண்டும். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ இடது தோள் வலித்து, மூச்சு வாங்கி வியர்த்தால் பிசியோவைத் தேடாதீர்கள், நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

ஒற்றைமகள் எழுதியது:

என் அம்மாவுக்கு 81. அவருக்கு இரண்டு மூன்று தசைநாண் போய்விட்டது, தைக்கவே முடியாத நிலை என்றார்கள். செயற்கை மூட்டு வைக்கலாம், ஆனால் இதயம் தாங்காது என்று விட்டுவிட்டார்கள். கை தோள் உயரத்துக்குக்கூட வராது. ஒரு கையால் மறு கையைத் தூக்கித்தான் எதையும் செய்வார். இப்படிப்பட்டவர்களுக்கு ஏதாவது உண்டா, இல்லை இப்படியே பழகிக்கொள்ள வேண்டியதுதானா?

நூல்பிடி எழுதியது:

உண்டு அம்மா. டெல்டாய்டின் முன்பகுதியைப் பழக்கும் முறை ஒன்று இருக்கிறது. தைக்க முடியாத பெரிய கிழிசல் உள்ள, சராசரி 80 வயதுக்காரர்களிடமே செய்து பார்த்து 2008-ல் எழுதியிருக்கிறார்கள். சின்ன ஆய்வுதான், 17 பேர். ஆனால் என் கையிலும் பலருக்குப் பலித்திருக்கிறது.

மல்லாந்து படுக்க வேண்டும். நல்ல கையின் உதவியோடு கெட்ட கையைக் கூரையைப் பார்த்து நேராக நிறுத்த வேண்டும். அந்த நிலையில் கையின் கனம் எலும்பு வழியாகவே இறங்கிவிடும், தசைக்கு வேலை குறைவு. அங்கிருந்து முன்னும் பின்னும் சின்னச் சின்னதாக ஆட்ட வேண்டும், ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை. கை ஆடாமல் நிற்கப் பழகிய பிறகு கையில் லேசான கனம். அதுவும் பழகியதும் முதுகுக்குத் தலையணை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திக்கொண்டே வர வேண்டும், கடைசியில் உட்கார்ந்த நிலை. குறைந்தது 12 வாரம். இதயப் பிரச்சினை இருப்பதால் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தலைக்கு மேல் போகும் என்று சொல்ல மாட்டேன். வாய்க்கும் தலைக்கும் போனால் போதுமே.

தையல்காரன் எழுதியது:

மேலே நான் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். என் அண்ணன் கதை மனத்தில் இருந்தது. அவர் படியில் விழுந்து கை எழாமல், "சுளுக்கு" என்று யாரிடமோ இழுத்து நீவிக்கொண்டு எட்டு மாதம் போக்கினார். ஸ்கேன் பார்த்தபோது நுனி உள்ளே போய்விட்டது, தைக்க முடியவில்லை. ஒற்றைமகளுக்கு நூல்பிடி சார் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். படுத்துக்கொண்டு செய்வது என்றால் சரி என்றார்.

அரைக்கைச்சட்டை எழுதியது (4 மாதம் முடிவில்):

அறிக்கை சமர்ப்பிக்கிறேன். பத்தாவது வாரத்தில் ஒரு நாள் காலை எழுந்தபோது வலப்பக்கம் படுத்திருந்தேன். எப்போது புரண்டேன் என்றே தெரியவில்லை. அதுதான் முதல் அடையாளம், அதற்கு முன் ஒன்றும் இல்லை, மாடிப்படி அம்மா சொன்ன மாதிரியே. அதன் பிறகு வாரத்துக்கு வாரம் தெரிந்தது. பக்கவாட்டில் தூக்கும்போது நடுவில் பிடிக்கும் இடம் இப்போது ஒரு சின்ன முணுமுணுப்புதான்.

இரண்டாவது டாக்டரிடம் போனேன். கையைத் தூக்கச் சொன்னார், தள்ளச் சொன்னார், "ஆபரேஷனுக்கு இப்போது என்ன அவசரம்?" என்றார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பலத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அரைக்கைச்சட்டை எழுதியது (11 மாதம் முடிவில்):

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். போன வாரம் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். 19 மி.மீ. ஒரு வருட உழைப்புக்கு 1 மி.மீ. கூடியிருக்கிறது! பார்த்தவர், இது அளப்பதில் வரும் வித்தியாசமாகவே இருக்கலாம், எம்.ஆர்.ஐ.யும் அல்ட்ராசவுண்டும் அச்சாக ஒரே எண்ணைக் காட்டாது என்றார். அதே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன், இரண்டு கையாலும், ஏணியில் ஏறி நின்று, உடம்போடு ஒட்டி. ஏற்றுவதற்கு மகனைக் கூப்பிட்டேன். வாரம் மூன்று நாள் பட்டை இன்னும் ஓடுகிறது. இரண்டு வாரம் விட்டால் தோள் ஞாபகப்படுத்துகிறது.

இப்போது புதுக் கவலை. ஒரு மாதமாக இடது தோளில் லேசாக, சட்டை போடும்போது, அதே சுருக். ஸ்கேன் எடுக்கவா?

பூஜ்யம்புள்ளி எழுதியது:

ஒரு தோளில் வலியோடு முழுக் கிழிசல் இருந்து, வயது 66 தாண்டியிருந்தால், மறு தோளிலும் கிழிசல் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று 2006-ல் ஓர் ஆய்வு சொல்கிறது. எடுத்தால் தெரியத்தான் போகிறது.

மாடிப்படி எழுதியது:

நான் எடுத்தேன். இருந்தது, 9 மி.மீ. வலியே இல்லாத பக்கம். இரண்டு நாள் தூங்கவில்லை, அப்புறம் அந்தக் கைக்கும் பட்டையை மாட்டினேன். கை எழுகிறதா, பலம் இருக்கிறதா? இருந்தால் இடது கைக்கும் இன்றைக்கே தொடங்குங்கள் சார். எட்டு தடவை. அறுபது இல்லை.